கைவேலைக் காடு

ப்ரூக்ளினின் ப்ராஸ்பெக்ட் பார்க்குக்கு இணையாக இன்னொரு பூங்கா உலகத்தில் இருக்கிறது என்று யார் வந்து சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லண்டனில் ஹைட் பார்க்கிலும் ரீஜண்ட்ஸ் பார்க்கிலும் நடந்திருக்கிறேன். மியூனிக்கின் இங்கிலீஷ் கார்டனில் பொழுது சாயும்வரை சுற்றியிருக்கிறேன். பாரிஸின் பூட் ஷோமோன், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிர்க்கன்ஹெட் பார்க், மன்ஹாட்டனின் சென்ட்ரல் பார்க் எல்லாமே எனக்கு உயிர். ஆனால் மகுடம் எதற்கு என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன், ப்ராஸ்பெக்ட் பார்க்குக்குத்தான். 526 ஏக்கர். வடிவமைத்தவர்கள் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் என்ற இருவர். 1866இல் வேலை தொடங்கியது. சென்ட்ரல் பார்க்கைச் செய்ததும் இதே இருவர்தான். அங்கே கற்றதையெல்லாம் இங்கே கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள்.

உள்ளே போவதென்றால் வடக்கே கிராண்ட் ஆர்மி பிளாசா வழியாகத்தான் போக வேண்டும். முதல்முறை வேறு எந்த வாசலும் வேண்டாம். பிளாசா என்பது பெரிய நீள்வட்டச் சந்திப்பு. பஸ், கார், ஹாரன் என்று ஒரே இரைச்சல். அதைத் தாண்டி நடைபாதையில் இறங்கினால் பாதை மெல்லச் சரியும், கொஞ்சம் வளையும். பக்கத்தில் மண்மேடு எழும்பும், மேட்டின் மேல் மரங்கள் நெருங்கி நிற்கும். இரைச்சல் தணிவது காதுக்கு நன்றாகவே தெரியும். எதிரே எண்டேல் ஆர்ச் என்ற கல் வளைவு. இரண்டு நிறக் கற்களை மாற்றி மாற்றி அடுக்கிய முகப்பு. உள்ளே இருட்டான சிறு குகைப்பாதை, சுவரில் மரப்பலகை. 1860களில் கட்டியது, சில ஆண்டுகளுக்கு முன்புதான் பழையபடி அழகாகச் செப்பனிட்டார்கள். அந்த இருட்டுக்குள் சில அடி வைத்து மறுபக்கம் வந்துவிட்டால் முன்னால் லாங் மெடோ.

அந்த இடத்தில் நின்று வாய்விட்டு “அடடா” என்று சொல்லாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை. 90 ஏக்கர் புல்வெளி, ஏறக்குறைய ஒரு மைல் நீளம். எதிரே கட்டடம் ஏதும் கிடையாது. சிலை, வேலி, பூப்பாத்தி எதுவும் கிடையாது. நிலம் மெதுவாக ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ஓரங்களில் மரங்கள் கூட்டம் கூட்டமாக முன்னே வந்தும் பின்னே ஒதுங்கியும் நிற்கின்றன. வெளி ஒரு பக்கமாக வளைந்து போய் மரங்களுக்குப் பின்னால் மறைகிறது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாததால் வெளிக்கு முடிவே இல்லை என்று மனம் நினைத்துக்கொள்கிறது. மில்லியன் கணக்கில் ஆட்கள் நெருக்கியடித்து வாழும் ஓர் ஊரின் நடுவில் நிற்கிறோம் என்பது அப்போது ஞாபகத்துக்கே வராது.

இதில் தானாக அமைந்தது மிகக் கொஞ்சம். கடைசிப் பனியூழியில் பனியாறு கொண்டுவந்து குவித்துவிட்டுப் போன மண்ணும் கல்லும் மேடுபள்ளங்களும் இருந்தன, கொஞ்சம் பழைய காடும் இருந்தது. மீதியெல்லாம் ஆட்கள் மண்வெட்டியும் குதிரை வண்டியும் வைத்துச் செய்தது. சதுப்பாகக் கிடந்த குழிகளை நிரப்பினார்கள். மேட்டை எங்கே கரைப்பது, எங்கே விடுவது என்று அடி அடியாகத் தீர்மானித்தார்கள். பூங்காவின் ஓரம் நெடுக மண்ணை அணைபோலக் குவித்து அதன்மேல் மரம் வைத்தார்கள், தெருவும் வீடும் கண்ணில் படக் கூடாது என்பதற்காக. வளைவின் உள்ளே இருட்டாக அமைத்ததும், அதற்கு முன்னால் பாதையைச் சரியவிட்டதும், புல்வெளியை நேர்கோட்டில் போகவிடாமல் வளைத்ததும் கணக்குப் போட்டுச் செய்த வேலைகள். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் அந்தக் கணக்கு இம்மி பிசகவில்லை.

ஓம்ஸ்டெட் இதைப் பற்றித் தெளிவான ஒரு கொள்கை வைத்திருந்தார். பூங்காவில் எந்தத் தனிப் பொருளும் “என்னைப் பார்” என்று கூப்பிடக் கூடாது. பகட்டான பூச்செடி வரிசை, விசித்திரமான மரம், அலங்கார வளைவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் கண்ணுக்கு வேலை கூடும், மனம் ஓயாது. நிலக்காட்சி முழுவதும் ஒன்றாக, நமக்குத் தெரியாமலே நம் மேல் வேலை செய்ய வேண்டும். நகரத்தின் நெருக்கடியில் இறுகிப்போனவர் உள்ளே வந்தால் காரணம் தெரியாமலே தோள் தளர வேண்டும். லாங் மெடோவில் பத்து நிமிடம் நடந்து பாருங்கள், அவர் சொன்னதைத் தோள்பட்டையே ஒப்புக்கொள்ளும்.

இந்த நிலக்காட்சிக் கலை பிறந்த இடம் பணக்காரர்களின் தோட்டம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபுக்கள் நேர்கோடு, சதுரம், கத்தரித்த செடிவரிசை எல்லாவற்றையும் தூக்கி எறிந்தார்கள். வில்லியம் கென்ட் தொடங்கி வைத்தார். கேப்பபிலிட்டி பிரவுன் என்று பெயர் பெற்ற லான்சலட் பிரவுன் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனார். வளைந்து போகும் ஏரி, அலைபோல உயர்ந்து தாழும் புல், அங்கங்கே கொத்தாக ஓக் மரங்கள். மாளிகைச் சன்னலிலிருந்து பார்த்தால் புல்தரை அப்படியே தூரத்து மேய்ச்சல் நிலத்தோடு சேர்ந்திருக்கும். ஆனால் மாடுகள் உள்ளே வராது. நடுவில் தரைமட்டத்துக்குக் கீழே ஓர் அகழி. அதன் ஒரு பக்கம் செங்குத்தான சுவர். வேலி உண்டு, ஆனால் பார்ப்பவருக்குத் தெரியாது. இந்த யுக்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சென்ட்ரல் பார்க்கில் இதன் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறோம்.

அந்த அழகுக்கு ஏழைகள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். டார்செட்டில் மில்டன் பிரபு தன் மாளிகைப் பார்வைக்கு இடைஞ்சலாக இருந்த ஒரு முழு ஊரையே இடித்துவிட்டுச் சற்றுத் தள்ளிப் புதிய கிராமம் கட்டினார். இன்று மில்டன் அபஸ் என்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் கிராமம் அதுதான். அந்த நிலத்தைத் திருத்தியவர் பிரவுன்.

அதனால்தான் இந்தக் கலை பொதுமக்கள் கைக்கு வந்த கதை எனக்கு அவ்வளவு பிடிக்கும். மியூனிக்கில் 1789இல் இங்கிலீஷ் கார்டனுக்கு அடிபோட்டவர் பெஞ்சமின் தாம்சன், மாசசூசெட்ஸில் பிறந்து பவேரியாவில் சேவகம் செய்தவர். பின்னால் ஸ்கெல் என்ற தோட்டக் கலைஞர் அதை மெருகேற்றினார். ஓர் அரசர் ஊர்மக்களுக்காகவே இப்படி ஒன்றைத் திறந்துவிட்டது பெரிய காரியம். ஆனால் அது அரசர் கொடுத்தது. மக்கள் பணத்தில், மக்களுக்கென்றே, ஒரு நகர நிர்வாகம் செய்த பூங்காவுக்கு இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அது பிர்க்கன்ஹெட்டில் 1847 ஏப்ரல் 5ஆம் தேதி திறந்தது.

பிர்க்கன்ஹெட் பார்க்கை வடிவமைத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். தோட்டக்காரராக வாழ்க்கையைத் தொடங்கியவர், 1851இல் லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் கட்டி உலகப் புகழ் பெற்றவர். அவருக்குக் கிடைத்தது தண்ணீர் வடியாத சேற்று நிலம். வடிகால் போட்டார், இரண்டு ஏரிகள் வெட்டினார், வெட்டிய மண்ணைக் கரையோரம் குன்றுகளாகக் குவித்து மரம் நட்டார். அந்தக் குன்றுகள் இருப்பதால் ஏரிக்கரையில் எங்கே நின்றாலும் ஏரி முழுசாகத் தெரியாது. நடக்க நடக்கத்தான் ஒவ்வொரு மூலையாகத் திறக்கும். பூங்காவைச் சுற்றிலும் வீட்டுமனைகள் பிரித்து விற்று அந்தப் பணத்தைச் செலவுக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் போயிருந்த மாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஸ்விஸ் பாலத்தின் மேல் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சின்ன மரப்பாலத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் இங்கிருந்துதானே கிளம்பியது!

கிளம்பிய விதமும் சுவையானது. 1850இல் ஓம்ஸ்டெட் என்ற இளைஞர் தம்பியோடும் நண்பரோடும் இங்கிலாந்தில் கால்நடையாகச் சுற்றினார். அப்போது அவர் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் விவசாயம் செய்துகொண்டிருந்தார். பிர்க்கன்ஹெட்டில் ரொட்டிக் கடைக்காரர் ஒருவர், எங்கள் புதுப் பூங்காவைப் பார்க்காமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று பிடிவாதமாகச் சொல்ல, மூவரும் போய்ப் பார்த்தார்கள். ஓம்ஸ்டெட்டை ஆட்டிவைத்தது பூங்காவின் அழகு மட்டும் அன்று. அங்கே சாதாரண ஜனங்களும் வசதியானவர்களும் ஒரே உரிமையோடு நடந்துகொண்டிருந்தார்கள். ஜனநாயக நாடு என்று பெருமை பேசும் அமெரிக்காவில் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லையே என்று ஆதங்கப்பட்டார். 1852இல் தன் பயணப் புத்தகத்தில் அதை எழுதினார். அந்த ரொட்டிக் கடைக்காரரின் பெயர் யாருக்கும் தெரியாது. எங்கிருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

சென்ட்ரல் பார்க் பிரபலமானது, அதனால் அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் இரண்டு விஷயங்களை விட முடியாது. 1858இல் வடிவமைப்புப் போட்டி நடந்தது, 33 திட்டங்கள் வந்தன. வாக்ஸ் லண்டனில் பிறந்த கட்டடக் கலைஞர். நிலக்காட்சிக் கலையை அமெரிக்காவில் பரப்பிய ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங்தான் அவரை இங்கே அழைத்துவந்தார். டவுனிங் 1852இல் நீராவிப் படகுத் தீவிபத்தில் இறந்துபோனார். அவர் கனவு கண்ட பூங்காவுக்குப் போட்டி அறிவித்தபோது வாக்ஸ், அப்போது அங்கே மேற்பார்வையாளராக இருந்த ஓம்ஸ்டெட்டைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். இருவரும் கொடுத்த கிரீன்ஸ்வார்ட் திட்டம் 2,000 டாலர் முதல் பரிசு பெற்றது.

நான் விட முடியாத முதல் விஷயம் அந்தத் திட்டத்தின் குறுக்குச் சாலைகள். பூங்காவைக் கிழக்கு மேற்காகக் கடந்து வண்டிகள் போக நான்கு சாலைகள் வேண்டும் என்பது போட்டியின் நிபந்தனை. இவர்கள் நான்கையும் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இறக்கிவிட்டார்கள். மேலே பாலம், பாலத்தின் மேல் மண், மண்ணின் மேல் புல்லும் புதரும். பிரபுக்களின் கண்ணுக்குத் தெரியாத அகழி வேலி இங்கே ஊர்வண்டிகளை மறைக்க வந்திருக்கிறது. கீழே டாக்சிகள் ஓடிக்கொண்டிருக்க, மேலே நடப்பவர் அதைக் கவனிக்கவே மாட்டார். குதிரை வண்டி மட்டுமே இருந்த காலத்தில் போட்ட திட்டம் இன்றைய நெரிசலையும் தாங்குகிறது. இந்தத் தொலைநோக்குக்கு எத்தனை விழா எடுத்தாலும் தகும். இந்தப் பூங்காவும் கைவேலைதான்: மன்ஹாட்டனின் பாறையை உடைக்கப் பயன்பட்ட வெடிமருந்து உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் வெடித்ததைவிட அதிகம் என்று கணக்குச் சொல்வார்கள். ரேம்பிள் பகுதியில் பாறை இடுக்கில் சலசலத்து வரும் கில் என்ற ஓடையின் தண்ணீர் நகரக் குடிநீர்க் குழாயிலிருந்து வருவது.

இரண்டாவது விஷயம் வலிப்பது. மேற்குப் பக்கம் 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் இடையில் செனெகா வில்லேஜ் என்ற ஊர் இருந்தது. 1825இல் கறுப்பின மக்கள் நிலம் வாங்கிக் குடியேறிய ஊர். பின்னால் ஐரிஷ் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. தேவாலயங்கள் இருந்தன, பள்ளி இருந்தது, சுமார் 225 பேர் வாழ்ந்தார்கள். 1857இல் நகரம் நிலத்தைக் கையகப்படுத்தி எல்லோரையும் வெளியேற்றியது. இன்று அங்கே தகவல் பலகைகள் இருக்கின்றன. நான் போகும்போதெல்லாம் நின்று படிப்பேன், கூட வருபவர்களையும் படிக்கச் சொல்வேன். எல்லோருக்குமான இடம் என்று கொண்டாடுகிறோம் என்றால், அதற்காக வீட்டை இழந்தவர்களைப் பேசாமல் கொண்டாடக் கூடாது.

மறுபடி ப்ராஸ்பெக்ட் பார்க்குக்கு வருவோம். இதற்கு முதலில் திட்டம் போட்டவர் எக்பர்ட் வீல் என்ற பொறியாளர். அந்தத் திட்டத்தில் ஃபிளாட்புஷ் அவென்யூ என்ற பெரிய சாலை பூங்காவை இரண்டாக வெட்டிக்கொண்டு ஓடியது. நல்லவேளை, உள்நாட்டுப் போர் வந்து வேலை நின்றது. 1865இல் ப்ரூக்ளின் பூங்கா ஆணையத்தின் தலைவர் ஜேம்ஸ் ஸ்ட்ரானஹன் வாக்ஸைக் கூப்பிட்டு நிலத்தைப் பார்க்கச் சொன்னார். வாக்ஸ் பார்த்துவிட்டுச் சொன்னது துணிச்சலின் உச்சம். சாலைக்குக் கிழக்கே இருக்கும் நிலத்தை விட்டுவிடுங்கள், தெற்கிலும் மேற்கிலும் புதிதாக நிலம் வாங்குங்கள், ஏரி வெட்டத் தெற்கேதான் இடம் இருக்கிறது என்றார். கையில் இருப்பதை விட்டுவிட்டு இல்லாததை வாங்கு என்று அரசாங்கத்திடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார்! அவர் போட்ட அந்த எல்லைக்கோடு இல்லையென்றால் லாங் மெடோ இப்படி இருந்திருக்காது, ஏரி இருந்திருக்கவே இருக்காது. விட்ட நிலத்தில்தான் இன்று ப்ரூக்ளின் மியூசியமும் தாவரவியல் பூங்காவும் பொது நூலகமும் நிற்கின்றன.

அப்போது ஓம்ஸ்டெட் கலிபோர்னியாவில் ஒரு தங்கச் சுரங்கத்தில் மேலாளர். வாக்ஸ்தான் கடிதம் மேல் கடிதம் எழுதி, கெஞ்சி, வாதாடி அவரைத் திரும்ப வரவழைத்தார். எல்லாப் புத்தகத்திலும் ஓம்ஸ்டெட்டின் பெயர் பெரிதாக இருக்கும், வாக்ஸின் பெயர் சின்னதாக இருக்கும். இது எனக்கு ஆறவே ஆறாது. போட்டிக்கு ஓம்ஸ்டெட்டை அழைத்தவர் வாக்ஸ், ப்ராஸ்பெக்ட் பார்க்கின் எல்லையை வரைந்தவர் வாக்ஸ், இரண்டு பூங்காவிலும் நாம் ரசித்து ரசித்துப் படம் எடுக்கும் பாலங்களை வடிவமைத்தவரும் வாக்ஸ். 1895இல் ப்ரூக்ளினின் கிரேவ்செண்ட் விரிகுடாவில் மூழ்கி இறந்தார். அந்தக் கரையில் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. அவருக்கு அது போதாது.

இனி தண்ணீர். ப்ராஸ்பெக்ட் பார்க்கின் நீர்வழியைத் தலைப்பிலிருந்து கடைவரை நடந்து போவதைவிடப் பெரிய சந்தோஷம் நியூயார்க்கில் எனக்கு வேறு இல்லை. மேட்டில் ஃபால்கில் என்ற சிறு அருவி. பாறைகளுக்கு நடுவே விழுந்து குளத்தில் சேர்கிறது. அந்தக் குளத்திலிருந்து அடுத்த குளம், அங்கிருந்து ரவீன் என்ற பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. ரவீனில் வெளிச்சம் பச்சையாக இருக்கும். இரு பக்கமும் செங்குத்தாக மரங்கள், பெரணிகள், பாசி பிடித்த பெரும்பாறைகள். வடக்கு நியூயார்க்கின் அடிரோண்டாக் மலைக்காட்டை ஊருக்குள் கொண்டுவர வேண்டும், அவ்வளவு தூரம் போக வசதியில்லாத தொழிலாளிக்கும் அது கிடைக்க வேண்டும் என்பது வடிவமைத்தவர்களின் ஆசை. ஆம்பர்கில் என்ற ஓடை அந்தக் காட்டுக்குள் ஓடி, இன்னொரு அருவியாக விழுந்து, பிறகு லல்வாட்டர் என்ற அகன்ற அமைதியான நீராகப் பரந்து, கடைசியில் சுமார் 60 ஏக்கர் ஏரியில் கலக்கிறது. சத்தமாகத் தொடங்கும் தண்ணீர் போகப் போகச் சாந்தமாகிவிடுகிறது. நடக்கிற நம் மனமும் அதே வேகத்தில் இறங்கிவருகிறது.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை ஒரு அக்டோபர் மாதம் இந்த வழியே கூட்டிப்போனேன். மேப்பிள் இலைகள் சிவந்திருந்த நேரம். ஆம்பர்கில் ஓரம் ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

“ஏம்ப்பா, சுத்தி இவ்ளோ வீடு கட்டியும் இந்தக் காட்டை மட்டும் அழிக்காம விட்டுவெச்சிருக்காங்களே, நல்ல மனசுதான்.”

“விட்டுவெச்சது கொஞ்சம்தாம்மா. மிச்சமெல்லாம் நட்டு உண்டாக்கினது. இந்தப் பாறைகூட இழுத்துக் கொண்டாந்து போட்டதுதான்.”

“தண்ணிகூடவா?”

“தண்ணிகூடத்தான். மேலே குழாய் இருக்கு.”

அம்மா குனிந்து ஓடையில் கைவிட்டு அளைந்துகொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப இதைக் கட்டினவன் பெரிய ரசிகன்ப்பா” என்றார். இதைவிடச் சரியான விமர்சனத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

குழாய் வருவதற்கு முன்னால் கிணறுதான். 1869இல் மிகப் பெரிய கிணறு ஒன்றைத் தோண்டி, நீராவி இயந்திரம் வைத்துத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றினார்கள். அங்கிருந்து தண்ணீர் தன் எடையிலேயே ஓடிவந்து ஏரியை நிறைத்தது. பின்னால் நகரக் குடிநீர் வந்ததும் இயந்திரம் ஓய்ந்தது. அந்தக் கிணற்று வீட்டை இடிக்காமல் செப்பனிட்டு, 2017இல் கழிவை எருவாக்கும் கழிப்பறையாக மாற்றினார்கள். எவ்வளவு அழகான முடிவு! ஏரி இருக்கும் தென்பகுதி பனியாற்றிலிருந்து கரைந்து வந்த மணல் பரப்பு, தண்ணீரைத் தேக்காது. அதனால் நம் ஊரில் குளத்துக்குக் களிமண் மிதித்துத் தரை இறுக்குவதுபோல இங்கேயும் களிமண்ணைப் பரப்பிக் குழைத்து இறுக்கினார்கள். கரையை வளைத்து வளைத்து, தீவும் முனையும் விட்டு அமைத்ததால் எந்த இடத்தில் நின்றாலும் மொத்த ஏரியும் தெரியாது. பிர்க்கன்ஹெட் பாடம் இங்கே பத்து மடங்காக விரிந்திருக்கிறது.

மரங்களுக்கும் காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. ஜான் கல்யர் என்ற பொறியாளர் வளர்ந்த மரங்களை வேர்மண்ணோடு தூக்கி நகர்த்தும் வண்டிகளை உருவாக்கினார். தவறான இடத்தில் நின்ற பெரிய மரத்தைப் பெயர்த்து, காட்சிக்குத் தேவையான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இன்று பூங்காவில் சுமார் 30,000 மரங்கள். அவற்றில் ஒன்றை மட்டும் கட்டாயம் தேடிப் பாருங்கள்: போட்ஹவுஸ் பக்கத்தில் நிற்கும் கேம்பர்டவுன் எல்ம். 1872இல் நட்டது. கிளைகள் மேலே போகாமல் முறுக்கிக்கொண்டு தரையை நோக்கி வளைந்திருக்கும். 1960களில் அது பட்டுப்போகும் நிலையில் இருந்தபோது, ப்ரூக்ளினில் பல ஆண்டுகள் வாழ்ந்த கவிஞர் மரியான் மூர் அதைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அதைப் படித்து ஊர் திரண்டது, பணம் சேர்ந்தது, மரம் பிழைத்தது. ஒரு கவிதை மரத்தைக் காப்பாற்றிய ஊர் இது!

காப்பாற்ற வேண்டியிருந்தது மரத்தை மட்டுமல்ல. 20ஆம் நூற்றாண்டு இந்தப் பூங்காவைப் பாடாய்ப் படுத்தியது. இயற்கையாகத் தெரிந்ததாலேயே இதற்குப் பராமரிப்பு வேண்டாம் என்று அதிகாரிகள் எண்ணிவிட்டார்கள் என்பது என் கணிப்பு. 1961இல் ஏரிக்கரையின் ஒரு பகுதியை நிரப்பிச் சறுக்கு மைதானமும் வண்டி நிறுத்தமும் கட்டினார்கள். இசை நிகழ்ச்சிக்கென்றே வாக்ஸும் ஓம்ஸ்டெட்டும் விட்டிருந்த சிறு தீவு அதில் காணாமல் போனது. 1970களில் ரவீனின் மண் அரித்து ஓடைகள் தூர்ந்துவிட்டன. 1987இல் ப்ராஸ்பெக்ட் பார்க் அலயன்ஸ் என்ற அமைப்பு நகரத்தோடு கைகோத்தது. ரவீனை வேலியிட்டு மூடி, மண்ணைக் கட்டி, உள்ளூர்ச் செடிகளை நட்டு, பழைய படங்களைப் பார்த்துப் பாறைகளை அதே இடத்தில் வைத்தார்கள். சறுக்கு மைதானத்தைப் பெயர்த்தெடுத்து, தொலைந்த தீவை மறுபடி தண்ணீருக்கு நடுவே கொண்டுவந்தார்கள். 2018 ஜனவரியிலிருந்து பூங்காச் சாலைகளில் கார் கிடையாது. இவ்வளவு கவனத்தோடு ஒரு நிலக்காட்சியை மீட்டெடுத்ததை வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

இந்தப் பரம்பரை இன்னும் வளர்கிறது. சிகாகோவில் யென்ஸ் யென்சன் தன் பூங்காக்களில் இல்லினாய்ஸ் சமவெளியின் சொந்தப் புற்களையும் பூக்களையும் கொண்டுவந்தார். 2009இல் மன்ஹாட்டனில் திறந்த ஹை லைனில், கைவிட்ட ரயில் பாதையில் தானாக முளைத்திருந்த செடிகளை மனதில் வைத்து பீட் அவுடோல்ஃப் நடவு செய்தார். இரண்டும் எனக்குப் பிடிக்கும். ஹை லைனில் கூட்டத்தோடு கூட்டமாக நகர வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான் குறை. லாங் மெடோவில் ஆயிரம் பேர் இருந்தாலும் தனியாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் ஓம்ஸ்டெட்டின் கனவு பலித்ததா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. காலை ஒன்பது மணிவரை நாய்களைப் புல்வெளியில் அவிழ்த்துவிட அனுமதி உண்டு. அந்த ஓட்டத்தைப் பார்ப்பதே ஒரு கொண்டாட்டம். வெயில் ஏற ஏறப் பிறந்தநாள் விருந்துகள், ஹிஜாப் அணிந்த பெண்களின் பிக்னிக், ரஷ்யத் தாத்தாக்கள், கரீபியன் குடும்பங்களின் அடுப்பிலிருந்து கோழி வாசனை. தென்கிழக்கு மூலையில் டிரம்மர்ஸ் குரோவ் என்ற இடத்தில் 1960களின் கடைசியிலிருந்து ஞாயிறுதோறும் கறுப்பின இசைக்காரர்கள் கூடிப் பறையொலி கிளப்புகிறார்கள். சுற்றி நிற்பவர்கள் தானாக ஆடத் தொடங்கிவிடுவார்கள். நானும் ஆடியிருக்கிறேன். புல்லில் உட்காராதே, மிதிக்காதே என்று எந்தப் பலகையும் அதட்டுவதில்லை. புல் இருப்பதே உட்காரத்தான்.

நியூஜெர்சியிலோ கனெக்டிகட்டிலோ பிள்ளைகள் வீட்டுக்கு வரும் பெற்றோரை எல்லோரும் சுதந்திர தேவி சிலைக்கும் டைம்ஸ் ஸ்கொயருக்கும் நயாகராவுக்கும் கூட்டிப்போகிறார்கள். அந்தப் பட்டியலில் ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள் என்பது என் வேண்டுகோள். அக்டோபர் கடைசி வாரம் என்றால் நிறம் அள்ளும். மே மாதம் என்றால் பறவைகள் வலசை வந்து நிறைந்திருக்கும். மன்ஹாட்டனிலிருந்து 2ஆம் எண் அல்லது 3ஆம் எண் ரயிலில் ஏறி கிராண்ட் ஆர்மி பிளாசாவில் இறங்குங்கள். எண்டேல் ஆர்ச் வழியாக நுழைந்து, புல்வெளியைக் கடந்து, ரவீன் வழியாக ஏரிக்கு நடங்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு நடுநடுவே பெஞ்சுகள் இருக்கின்றன. நல்ல செருப்பு, ஒரு விரிப்பு, கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள். காலை 5 மணியிலிருந்து பின்னிரவு 1 மணிவரை திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது.